நடுத்தீர்வையும் கண்ணோட்டமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இறை இரக்கத் திருப்படம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்தம் இல்லங்களில் தொன்றுதொட்டு இடம்பெற்றுவரும் திருப்படங்கள் சில உள. திருஇருதய ஆண்டவர், வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா, பதுவை அந்தோணியார் ஆகியோரின் படங்கள் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர்ந்தோரின் பக்தி மரபோடு இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தவை. அவ்வரிசையில் காலத்தால் மிகப் பிந்தியது இறை இரக்க ஆண்டவரின் படம் ஆகும். வெண்ணிற அங்கி அணிந்து நிற்கும் கிறிஸ்து, ஆசியளிக்க உயர்த்திய வலக்கை, மார்பருகே ஆடையைத் தொட்டவாறு அமைந்த இடக்கை, அவ்விடத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் இரு கதிர்கள், அவற்றுள் ஒன்று வெளிறியதும் மற்றொன்று சிவந்ததுமாக இருத்தல், அடியில் இயேசுவின்மீது நம்பிக்கை வைப்பதாகக் கூறும் ஒற்றை வரி ஆகியவை இப்படத்தின் கூறுகள். நாள்காட்டிகளிலும் செபநூல்களிலும் வீட்டுப் பீடங்களிலும் இதனைக் காணலாம்.

இத்தகைய அச்சுப் படங்களை ஆய்வுப்பொருளாகக் கொள்வதில் தமிழியல் ஆய்வாளரிடையே ஒரு தயக்கம் நிலவுகிறது. செப்புத் திருமேனியையும் கோயிற் சிற்பத்தையும் கலை வரலாறாகக் கருதும் நாம், மக்கள் நாள்தோறும் கண்விழித்துப் பார்க்கும் படத்தைச் சந்தைச் சரக்கென ஒதுக்கிவிடுகிறோம். இறை இரக்கப் படத்தைப் பொறுத்தவரை, இதனோடு மற்றொரு குறைபாடும் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. பழைய கிறித்தவ ஓவியங்களில் முதன்மை பெற்ற இறுதித் தீர்ப்பு இதில் அறவே நீங்கிவிட்டது, இனிமை மட்டுமே எஞ்சியுள்ளது என்பதே அக்குறைபாடு. இக்கருத்து மேலோட்டமானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. தீர்ப்பை வரைந்த ஓவிய மரபிலிருந்தே இப்படம் பிறந்துள்ளது. தீர்ப்பை அது நீக்கவில்லை. நடுவரின் இருக்கையிலிருந்து அவருடைய பார்வைக்கு அதனை இடம் மாற்றியிருக்கிறது. இவ்விடமாற்றத்தை விளங்கிக்கொள்ளத் தமிழ்மொழி தரும் சொற்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

லீலியும் வாளும்

ஐரோப்பிய இடைக்காலத்தில் தேவாலயத்தின் தலைவாயிலிலோ மேற்குச் சுவரிலோ இறுதித் தீர்ப்புக் காட்சியை அமைப்பது பெருவழக்காக இருந்தது. இக்காட்சியின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்ற ஒன்று. மேலே வானவில்லின்மீது கிறிஸ்து வீற்றிருப்பார். இருபுறமும் கன்னி மரியாளும் திருமுழுக்கு யோவானும் மானிடருக்காகப் பரிந்து பேசும் நிலையில் இருப்பர். கீழே கல்லறைகள் திறக்கும். கிறிஸ்துவின் வலப்புறம் மீட்புப் பெற்றோரும் இடப்புறம் தண்டனைக்குரியோரும் செல்வர்.

இம்மரபின் தலைசிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று பிரான்சின் போன் நகரில் உள்ளது. பர்கண்டி நாட்டின் அமைச்சராக விளங்கிய நிக்கோலா ரோலின் 1443ஆம் ஆண்டு அங்கு ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அதன் சிற்றாலயப் பீடத்திற்கென ரோகிர் வான் டெர் வேய்டன் வரைந்த பல பலகை ஓவியமே போன் பீட ஓவியம் என வழங்கப்படுகிறது. நோயாளிகள் படுத்திருந்த நெடுங்கூடத்தின் முனையில், அவர்கள் படுக்கையிலிருந்தே காணக்கூடிய இடத்தில் அப்பீடம் அமைந்திருந்தது. இறுதித் தீர்ப்பின் ஓவியத்தைச் சாகும் தறுவாயில் உள்ளோருக்கு முன்னால் வைப்பது இரக்கமா, கொடுமையா என்று இன்றைய மனம் கேட்கக்கூடும். ஆயினும் மருத்துவமனையை நிறுவியதும் ஓவியத்தை வைத்ததும் ஒரே மனம்தான்.

இவ்வோவியத்தில் கிறிஸ்துவின் முகத்தருகே இரு பொருள்கள் வெளியில் மிதக்கின்றன. அவருடைய வலப்புறம் ஒரு லீலி மலர், இடப்புறம் பழுக்கக் காய்ச்சிய ஒரு வாள். முன்னது இரக்கத்தையும் பின்னது நீதியையும் குறிக்கும். நடுவே, கிறிஸ்துவுக்கு நேர்கீழே, வெண்ணுடை அணிந்த அதிதூதர் மிக்கேல் துலாக்கோல் ஏந்தி நிற்கிறார். ஒரு தட்டில் நற்செயல், மறுதட்டில் பாவம். பாவத்தட்டே தாழ்ந்து நிற்கிறது. மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. நரகம் நோக்கிச் செல்வோரை இழுத்துச் செல்லப் பேய்கள் எவையும் இவ்வோவியத்தில் இல்லை. அவர்கள் தாமாகவே அங்குச் சென்று விழுகின்றனர். தீர்ப்பு வெளியிலிருந்து வரும் தண்டனையன்று, ஒருவர் தம் வாழ்வால் தாமே எழுதிக்கொண்டது என்ற கருத்தை இதனினும் அமைதியாகக் கூறிய ஓவியர் அரியர்.

தீர்ப்புக் காட்சியின் விவிலிய அடிப்படை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம். அங்கு நடுவர் கேட்கும் வினாக்கள் பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்கு நீர், அன்னியர்க்கு இடம், நோயாளர்க்குத் துணை ஆகியவை பற்றியன. அதாவது ஒருவன் இரக்கம் காட்டினானா என்பதே தீர்ப்பின் அளவுகோல். இரக்கத்தையும் நீதியையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பார்ப்பது ஓவியத்தின் வசதிக்காக எழுந்த ஏற்பாடே. மூலத்தில் அவை அவ்வாறு பிரிந்து நிற்கவில்லை.

எனினும், மக்கள் மனத்தில் பதிந்தது வாள்தான். மார்ட்டின் லூதர் தம் இளமையில் வானவில்மீது வீற்றிருக்கும் நடுவராகவே கிறிஸ்துவை எண்ணி அஞ்சியதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வச்சத்திலிருந்து விடுபட அவர் மேற்கொண்ட தேடல் ஐரோப்பியச் சமய வரலாற்றையே மாற்றியது. அம்மாற்றத்தின் ஒரு கிளை 1706இல் சீகன்பால்கு வாயிலாகத் தரங்கம்பாடியை அடைந்தது; பின்னர்த் தமிழ் லுத்தரன்களோடு மலாயாவுக்கும் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் அதற்குச் சான்று. ஓவியம் ஒன்று தோற்றுவித்த அச்சத்திற்கும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த ஒரு கோலாலம்பூர்ப் பகுதிக்கும் இவ்வாறு ஒரு நெடுந்தொடர்பு உண்டு. அச்சத்தை லூதர் மறைநூலின் சொல்லால் தீர்த்தார். கத்தோலிக்க மரபோ அதனை மற்றொரு படத்தால் தீர்க்க முயன்றது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பரவத் தொடங்கிய திருஇருதய பக்தி அம்முயற்சியின் முதற்கட்டம், இறை இரக்கப் படம் அடுத்த கட்டம் எனலாம்.

வில்னியஸில் பிறந்த படம்

ஹெலெனா கோவால்ஸ்கா 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் போலந்தின் குவோகோவியெத்ஸ் சிற்றூரில் ஏழை வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிக் கல்வி மிகச் சிறிதே பெற்ற அவர் 1925இல் இரக்க அன்னையின் சகோதரியர் சபையில் சேர்ந்து ஃபாஸ்தினா எனும் பெயர் பெற்றார். சமையலறை, தோட்டம், வாயிற்காவல் ஆகியவையே மடத்தில் அவருக்கு வாய்த்த பணிகள். 1931 பிப்ரவரி 22ஆம் நாள் புவோத்ஸ்க் நகர மடத்தில் தாம் கண்ட காட்சியைப் படமாக வரையுமாறு பணிக்கப்பட்டதாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அவருக்கோ வரையத் தெரியாது. வில்னியஸ் நகருக்கு மாற்றப்பட்ட பின்னர், அவருடைய ஆன்மிக வழிகாட்டியாக இருந்த அருட்தந்தை மிகாவ் சோபோச்கோ, எவ்கேனியுஷ் கசிமிரோவ்ஸ்கி எனும் ஓவியரிடம் அப்பணியை ஒப்படைத்தார். 1934இன் முதல் பாதியில் ஓவியம் உருப்பெற்றது. அங்கியின் மடிப்புகளைச் சரியாக அமைக்கும் பொருட்டுச் சோபோச்கோவே வெள்ளை அங்கி அணிந்து ஓவியர்முன் நின்றார்.

ஓவியம் முடிந்தபோது ஃபாஸ்தினா அழுதார். தாம் கண்ட எழிலை எந்த ஓவியராலும் கொணர இயலாது என்பதே அவருடைய துயரம். நிறத்தின் அழகிலோ தூரிகையின் அழகிலோ இப்படத்தின் பெருமை இல்லை, அருளிலேயே உள்ளது என்பது தமக்குக் கிடைத்த விடையென அவர் குறித்துள்ளார். மக்கள் வழிபாட்டுப் படங்களைக் கலைநயம் ஒன்றையே கொண்டு அளந்து ஒதுக்குவோர்க்கும் இவ்விடை பொருந்தும். 1935 ஏப்ரல் இறுதியில் வில்னியஸ் நகரின் புகழ்பெற்ற விடியல் வாயிலில் இவ்வோவியம் முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1938 அக்டோபர் 5ஆம் நாள் ஃபாஸ்தினா தம் முப்பத்து மூன்றாம் அகவையில் கிராக்கோவில் காலமானார்.

அதற்குப் பிந்திய வரலாறு போரின் வரலாறு. கசிமிரோவ்ஸ்கியின் மூல ஓவியம் சோவியத் ஆட்சிக்காலத்தில் மறைத்து வைக்கப்பட்டும், பெலாருஸ் நாட்டின் சிற்றூர் ஆலயம் ஒன்றில் பல்லாண்டுகள் தங்கியும், 1986இல் வில்னியஸுக்குத் திரும்பியது. இதற்கிடையில், போரில் தம் குடும்பம் உயிர்தப்பியதற்கு நன்றிக்கடனாக அடோல்ஃப் ஹிவா எனும் ஓவியர் 1943இல் இப்படத்தின் புதிய வடிவம் ஒன்றைக் கிராக்கோவ் மடத்திற்கு வரைந்தளித்தார். பீடத்தின் அளவுக்கேற்ப அவர் 1944இல் வரைந்த இரண்டாம் படமே உலகெங்கும் அச்சேறிப் பரவியது. அதன் பின்னணியில் முதலில் புல்வெளியும் செடிகளும் இருந்தன. 1954இல் அவை நீக்கப்பட்டு இருண்ட பின்புலம் இடப்பட்டது.

1959இல் வத்திக்கானின் திருப்பணி மன்றம் ஃபாஸ்தினா எழுதிய வடிவிலான இப்பக்தியையும் படத்தையும் பரப்புவதற்குத் தடை விதித்தது. நாட்குறிப்பின் பிழையான மொழிபெயர்ப்புகளும் மூலத்தைப் பார்வையிட இயலாமையும் அதற்குக் காரணமெனப் பின்னர் விளக்கப்பட்டது. மொழிபெயர்ப்புப் பிழையால் ஒரு படம் ஏறத்தாழ இருபதாண்டுகள் முடக்கப்பட்ட இச்செய்தி மொழி ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. கிராக்கோவின் பேராயராக இருந்த கரோல் வொய்த்திவா மேற்கொண்ட முயற்சியின் பயனாக 1978 ஏப்ரல் 15ஆம் நாள் தடை நீங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அவரே இரண்டாம் ஜான் பால் எனும் பெயருடன் திருத்தந்தையானார். 2000 ஏப்ரல் 30ஆம் நாள் ஃபாஸ்தினா புனிதராக உயர்த்தப்பட்டார். உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறாக அறிவிக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இல்லங்களில் இப்படம் பெற்ற பரவலை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

இருக்கையை விட்டெழுந்த நடுவர்

போன் பீட ஓவியத்தையும் இறை இரக்கப் படத்தையும் அருகருகே வைத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகின்றன. முன்னதில் நடுவர் வீற்றிருக்கிறார். பின்னதில் அவர் நிற்கிறார், அதுவும் ஓரடி முன்வைத்து நடந்துவரும் நிலையில். வானவில்லும் இல்லை, வலப்புற இடப்புறக் கூட்டங்களும் இல்லை, துலாக்கோலும் இல்லை. பரிந்து பேசுவோர்கூட இல்லை. அனைத்தும் நீக்கப்பட்ட வெளியில் நடுவராக வேண்டியவர் மட்டும் தனித்து, காண்போரை நோக்கி வருகிறார். காண்போர் நிற்கும் இடம், பழைய ஓவியத்தில் கல்லறையிலிருந்து எழுந்தோர் நின்ற அதே இடம் ஆகும்.

தீர்ப்பு மறைந்துவிட்டதா? ஃபாஸ்தினாவின் நாட்குறிப்பு அவ்வாறு கூறவில்லை. நீதியுள்ள நடுவராக வருமுன்னர் இரக்கத்தின் அரசராக வருவதாகவே அவர் கண்ட கிறிஸ்து கூறுகிறார். இரக்கத்தின் வாயில் வழியே நுழைய மறுப்போர் நீதியின் வாயில் வழியே செல்ல நேரும் என்ற கருத்தும் அதில் உண்டு. எனவே இப்படம் காட்டுவது தீர்ப்புக்கு முந்தைய காலத்தை. பழைய ஓவியத்தில் லீலியும் வாளும் ஒரே வெளியில் இடமும் வலமுமாக நின்றன. இங்கு அவை முன்னும் பின்னுமாகக் காலத்தில் நிற்கின்றன.

இரு கதிர்களின் பொருளும் இதனை உறுதிப்படுத்துகிறது. யோவான் நற்செய்தியில் சிலுவையில் தொங்கிய இயேசுவின் விலா ஈட்டியால் குத்தப்பட்டபோது இரத்தமும் நீரும் வெளிவந்தன. சிவந்த கதிர் அவ்விரத்தம், அது ஆன்மாக்களின் உயிர். வெளிறிய கதிர் அந்நீர், அது ஆன்மாக்களை நீதியுடையவை ஆக்குவது. நாட்குறிப்பின் போலந்துச் சொல்லும் நீதி எனும் வேர் உடையதே. இரக்கத்தின் கதிர் இரண்டனுள் ஒன்று நீதியின் பெயரையே தாங்கியுள்ளது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போயுள்ளது. கடன் தள்ளுபடி செய்வது போன்ற இரக்கமன்று இது. கோணியதை நிமிர்த்தும் இரக்கம்.

இந்நாட்டுத் தமிழர் கண்ணுக்கு இப்படத்தின் கைகள் மற்றொன்றையும் நினைவூட்டக்கூடும். ஆடவல்லான் திருமேனியில் வலக்கை ஒன்று அஞ்சேல் என்கிறது. இடக்கை ஒன்று புகலிடமாகிய தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. இறை இரக்கப் படத்திலும் வலக்கை ஆசியளிக்க, இடக்கை அருளின் ஊற்றைச் சுட்டுகிறது. இது வரலாற்றுத் தொடர்பன்று. வில்னியஸ் ஓவியர் தில்லைக் கூத்தனை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு படம் புதிய மண்ணில் வேர்கொள்ளும்போது, அம்மண்ணின் கண்கள் ஏற்கெனவே கற்ற படிப்பினைக் கொண்டே அதனைப் படிக்கின்றன. இவ்வகையில் திருக்கடவூர் மரபோடு வேறுபாடும் உண்டு. அங்கு மார்க்கண்டேயனைக் காக்கக் காலனையே இறைவன் உதைக்கிறான். இரக்கமும் நீதியும் இரு வேறு தெய்வங்களிடம் நின்று மோதுகின்றன. இறை இரக்கப் படத்தில் நடுவரும் இரங்குபவரும் ஒருவரே. மோதல் இருப்பின் அது அவருக்குள் நிகழ்ந்து முடிந்திருக்க வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் தரும் விளக்கம்

இறுதித் தீர்ப்பைப் பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் நடுத்தீர்வை என வழங்கின. இறப்பின்போது ஒவ்வொருவருக்கும் உரியது தனித்தீர்வை, உலக முடிவில் அனைவர்க்கும் உரியது பொதுத்தீர்வை. இன்று தீர்வை என்றதும் சுங்கவரியே நினைவுக்கு வருவதால் இச்சொல் வழக்கொழிந்து, தீர்ப்பு என்பது நிலைபெற்றுவிட்டது. இதில் ஓர் இழப்பும் உண்டு. நடு என்ற சொல் வள்ளுவரின் நடுவுநிலைமை அதிகாரத்தை நினைவூட்ட வல்லது. அவ்வதிகாரத்தில் சமன்செய்து எடைகாட்டும் துலாக்கோலே சான்றோர்க்கு உவமையாகிறது. மிக்கேலின் கையிலுள்ள துலாக்கோலும் அதுவே. நடுத்தீர்வை எனும் சொல்லைப் படைத்தோர் தமிழ் அறநூல் மரபை உணர்ந்தே படைத்தனர் எனக் கருதலாம்.

இத்தகைய சொற்களின் வரலாற்றை ஆராய்வதற்கு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குச் சிறப்புரிமை உண்டு. இத்துறையின் தலைவராக 1961 முதல் விளங்கிய தனிநாயகம் அடிகளார், அந்தம் டி புரோயென்சா தொகுத்து 1679இல் அச்சேறிய தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியைத் தேடிக் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் நிகழ்ந்த ஆண்டும் அதுவே. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கிக் கிறித்தவக் கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல் தேடிய நெடிய முயற்சியில் அவ்வகராதி ஒரு மைல்கல்.

இரக்கம் என்பதற்கும் பழைய செபநூல்கள் கிருபை, தயை, தயாளம் முதலிய வடசொற்களையே பெரிதும் ஆண்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-1965) பின்னர் வழிபாடு மக்கள் மொழிக்கு மாறியபோது தமிழ்ச் சொற்கள் இடம்பெற்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இப்போக்கை வலுப்படுத்தியது. ஃபாஸ்தினாவின் பக்தி தமிழுக்கு வந்தபோது தெய்வீகக் கருணை என்றோ திவ்விய கிருபை என்றோ பெயர் பெறாமல் இறை இரக்கம் என்றே நிலைபெற்றது. இத்தேர்வு பொருத்தமானது. கருணை மேலிருந்து கீழ்நோக்கிப் பொழிவது. இரக்கமோ இரங்குதலிலிருந்து பிறந்தது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்பதை அறிந்தோர்க்கு, இச்சொல்லுக்குள் துயரமும் அடங்கியிருத்தல் விளங்கும். இரங்குபவன் பிறர் துயரைத் தானும் துய்ப்பவன். துன்புற்றோர்பால் நெகிழும் நெஞ்சு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லுக்கும் இதுவே நெருக்கமானது.

ஆயினும் இப்படத்திற்கு முற்றிலும் பொருந்தும் சொல் வேறொன்று என்பது எம் கருத்து. அது கண்ணோட்டம். வள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ அரசியலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து, 58ஆம் அதிகாரமாக வைத்தார். துறவிக்குரிய இரக்கம் வேறு, தீர்ப்பு வழங்கும் பொறுப்புடைய வேந்தனுக்குரிய இரக்கம் வேறு என அவர் கண்டிருக்கிறார். கண்ணோட்டம் கடமையைக் கெடுக்கலாகாது என்ற வரையறையையும் அவர் மறவாது கூறுகிறார். அதாவது முறை வழுவாத நடுவனின் கண்ணில் ஓடும் ஈரமே கண்ணோட்டம். அஃதில்லாத கண்ணை அவர் கண்ணெனவே ஏற்கவில்லை, புண் என்று தள்ளுகிறார். தமிழ் மரபின் புகழ்பெற்ற நடுவனாகிய மனுநீதிச் சோழனிடம் முறை உண்டு. பசுவின் துயர்கண்டு இரங்கும் உள்ளமும் உண்டு. ஆனால் மகனுக்கு அது கிட்டவில்லை. கன்றும் மைந்தனும் உயிர்பெற்றெழச் சேக்கிழாரின் காப்பியத்தில் இறைவனே தோன்ற வேண்டியிருந்தது. முறையும் கண்ணோட்டமும் ஒருவரிடத்தே ஒருங்கே நிற்பதன் அருமையை இக்கதை உணர்த்தும்.

இப்படத்திலுள்ள பார்வை சிலுவையிலிருந்து நோக்கிய பார்வையைப் போன்றது என்று ஃபாஸ்தினா கேட்டதாக எழுதியுள்ளார். கசிமிரோவ்ஸ்கியின் மூல ஓவியத்தில் கிறிஸ்துவின் இமைகள் தாழ்ந்துள்ளன. உயரத்தில் அறையப்பட்டவர் கீழே நிற்போரை நோக்கும் பார்வை அது. தண்டனை பெற்றவரின் பார்வையும் ஆகும். உலகின் நீதிமன்றம் ஒன்றில் தவறாகத் தீர்ப்பிடப்பட்டவரே நடுவராக வருகிறார் என்பதால்தான் அக்கண்ணில் ஓட்டம் உண்டாகிறது. சிலப்பதிகாரத்தை நன்கறிந்த தமிழ் மாணவர்க்கு, தவறான தீர்ப்பின் கொடுமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஷா ஆலமில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஆலயங்கள் அவர்தம் தொழிலையும் குடியிருப்பையும் ஒட்டி எழுந்தவை. கோலாலம்பூர்ப் புனித அந்தோணியார் ஆலயம் நகரத் தமிழரின் ஆலயம். கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இன்று தமிழ்க் கடைகள் நிறைந்த தெங்கு கிளானா சாலையில் உள்ளது. பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா ஆலயம் உள்ளது. இம்மூன்றும் அந்தோணியார், மரியாள் ஆகியோரின் பெயரைத் தாங்கியவை. பரிந்து பேசுவோரின் பெயர்கள். நடுவரை நேரே அணுகத் தயங்கி, அவருக்கு வேண்டியவர்களை அணுகிய பழைய மனநிலை இதில் ஓரளவு தென்படுகிறது.

இறை இரக்கத்தின் பெயராலேயே அமைந்த ஆலயம் ஷா ஆலமில் உள்ளது. இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஷா ஆலம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. அங்கு வாழ்ந்த கத்தோலிக்கர் தமக்கென ஓர் ஆலயம் பெற ஏறத்தாழ முப்பதாண்டுகள் காத்திருந்தனர். இறுதியில் கிளென்மேரித் தொழிற்பேட்டையில் இடம் கிடைத்து, 2005இல் ஆலயம் திறக்கப்பட்டது. தொழிற்கூடங்களுக்கிடையே அது அமைந்துள்ள தெருவின் பெயர் ஜாலான் பெலுக்கிஸ், அதாவது ஓவியர் தெரு. தற்செயலே எனினும் ஓர் ஓவியத்தின் பெயரால் நிற்கும் ஆலயத்திற்கு இதனினும் பொருத்தமான முகவரி வாய்த்திராது. ஃபாஸ்தினா அழுதுநின்ற மூல ஓவியமும், வில்னியஸில் தனக்கெனத் திருத்தலம் பெற்று அங்கு வைக்கப்பட்டது அதே 2005இல்தான்.

இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நீதி வேண்டிக் காத்திருக்கும் மக்களுக்கு இரக்கத்தின் படத்தைத் தருவது ஏமாற்றாகாதா? தோட்டத் தமிழரின் வரலாற்றில் இக்கேள்விக்குக் கூர்மை மிகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோதும், தலைமுறைகளாக உழைத்த மக்கள் குடியிருப்பை இழந்தனர். உரிமையென ஒன்றைச் சட்டம் வழங்காதவிடத்துத் தரப்படும் பணத்திற்குத் தமிழில் கருணைத்தொகை என்று பெயர். உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் கருணை எனும் சொல் வந்து அமர்வதை இதனினும் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை. இரக்கம் என்பது இத்தகையதாயின் அப்படத்தை ஐயத்தோடு நோக்குவோர் பக்கமே நாமும் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் வெளிறிய கதிர் அவ்வாறு பொருள்கொள்ள இடந்தரவில்லை. அது நீதியாக்கும் நீர். தீர்ப்பின் அளவுகோலாக மத்தேயு கூறுவதும் அன்னியருக்கு இடந்தந்தாயா என்ற வினாவையே. இப்படத்தின்முன் நிற்பவர் இரக்கம் பெறுபவர் மட்டுமல்லர். அவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவரும் ஆவார். அவர் தோட்டத்தை இழந்தவராயினும் சரி, அதனை விற்றவராயினும் சரி. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலயங்களில் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் எனப் பல மொழி பேசுவோரும் ஒரே கூரையின்கீழ் வழிபடுகின்றனர். யார் யாருக்கு அன்னியர் என்ற வினா அங்கு ஏட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

படத்தின் அடியிலுள்ள வரியும் இங்குக் கருதத்தக்கது. அதன் போலந்து வினைச்சொல் உறுதியாகச் சார்ந்திருத்தலைக் குறிக்கும். தமிழில் அது நம்பிக்கை என ஆகியுள்ளது. இன்று நம்புதல் என்பது மெய்யென ஏற்றல் எனும் பொருளிலேயே வழங்குகிறது. ஆனால் தொல்காப்பிய உரியியல் நம்பு என்பதற்கு விருப்பம் எனப் பொருளுரைக்கிறது. அப்பழம்பொருளோடு நோக்கின், வரவிருக்கும் நடுவரை அஞ்சி ஏற்பவர் கூற்றாக அவ்வரி அமையாது, விரும்பி எதிர்பார்ப்பவர் கூற்றாகவே அமையும். லூதரின் இளமை அச்சத்திற்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இறுதியாகப் படவடிவம் பற்றி ஒன்று கூற வேண்டும். மிகுதியாக அச்சாகிப் பரவியது ஹிவாவின் வடிவமும் அதனைத் தழுவியவையுமே. அவற்றில் கிறிஸ்துவின் கண்கள் நேராகக் காண்போரை நோக்குகின்றன. வில்னியஸ் மூல ஓவியத்தின் தாழ்ந்த இமைகளை 2003இல் நிகழ்ந்த பழுதுநீக்கத்திற்குப் பின்னரே உலகம் தெளிவாகக் காண முடிந்தது. நேர்நோக்கும் கண்களில் நடுவரின் பார்வை இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. தாழ்ந்த கண்களிலேயே கண்ணோட்டம் முழுமை பெற்றுள்ளது. இவ்விரு வடிவங்களும் இன்று தமிழ் எழுத்தில் அந்த ஒற்றை வரியைத் தாங்கிக் கிடைக்கின்றன.